விஜயகுமாரி சொல்லாத பதில்

பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் உமா மகேஸ்வரியைத் தெரியாதவர்கள் குறைவு. காலை ஃபெரியில் ஏறி அக்கரையில் சாத்தாமில் இறங்குவதற்குள் யாராவது ஒருவர் மகனின் படிப்பையோ மகளின் வேலை விஷயத்தையோ கொண்டுவந்து அவள் காதில் போட்டுவிடுவார்கள். "மேடம், ஜரா பாத்துச் சொல்லுங்க" என்று தீவு வழக்கில் இந்தி கலந்து கேட்பார்கள். அவளும் பார்த்துச் சொல்வாள். ஊருக்குள் இருக்கும் கல்லூரியில் வேதியியல் நடத்துவது அவள் வேலை. அதோடு, கல்லூரியையும் கம்பெனிகளையும் சேர்த்துவைக்கும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்கென்று ஒரு அறை உண்டு, மூச்சு வாங்கும் ஒரு ஏ.சி. உண்டு, 'இண்டஸ்ட்ரி செல்' என்று வாசலில் ஒரு பலகையும் உண்டு.

அவளுக்கு முன்னால் அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் ஒப்பந்தம் போடுவதில் மகா கெட்டிக்காரர்கள். கையெழுத்து, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. கம்பெனிக்காரர் மத்தியான விமானத்தைப் பிடித்துப் போய்விடுவார், ஒப்பந்தம் அலமாரிக்குள் போய்ப் படுத்துவிடும். உமா மகேஸ்வரி பொறுப்பேற்ற அன்று அலமாரியைத் திறந்து பார்த்தாள். அந்த ஒப்பந்தங்களை ஒரு வரி விடாமல் படித்திருந்தது கரையான் மட்டும்தான்.

அவள் வேறு மாதிரி செய்தாள். எங்கள் கல்லூரியில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று யாருக்கும் எழுதவில்லை. உங்களுக்குத் தீராத தலைவலி என்ன என்று மெயின்லாண்டில் இருந்த ஒவ்வொரு கம்பெனியாகக் கேட்டு எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. கடல்பாசியிலிருந்து பயிருக்குத் தெளிக்கும் சாறு எடுக்கும் தூத்துக்குடிக் கம்பெனி ஒன்று மட்டும் நேரில் ஆளை அனுப்பியது. வந்தவர் ஜம்புலிங்கம், அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். சுற்றிவளைக்கத் தெரியாத மனிதர்.

"எங்களுக்குக் கடல் வேணும் மேடம், அதைப் பாத்துக்க ஆள் வேணும். மழைக் காலத்துல பாசி வெளுத்துப் போகுது, அது ஏன்னு தெரியணும். மத்தபடி நீங்க என்ன எழுதிக்கிட்டாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"பாசிக்குக் கயிறு கட்டுற கூலிக்கு ஆள் வேணும்னா படகு ஜெட்டியில நிறைய பேர் இருக்காங்க சார்" என்றாள் உமா மகேஸ்வரி. "எங்க பிள்ளைங்க ஆராய்ச்சி பண்ணுவாங்க. முடிவு ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். பேப்பர்ல அவங்க பேர் வரும். அப்புறம், வருஷத்துக்கு ஒரு பிள்ளையைச் சம்பளத்தோட தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்க இருந்துக்கிட்டே பிஎச்.டி. பண்ண நீங்கதான் யுனிவர்சிட்டியில ஏற்பாடு செய்யணும்."

கடைசி விஷயத்துக்கு ஜம்புலிங்கம் லேசில் மசியவில்லை. காப்புரிமையைக்கூட விட்டுக்கொடுத்தார், இதற்கு மட்டும் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அவளும் விடவில்லை. தீவில் படித்த பிள்ளைகளுக்கு அரசாங்க குமாஸ்தா வேலையை விட்டால் நாதியில்லை என்பது அவளுக்கு வயிற்றெரிச்சல். கடைசியில், முதல் கட்ட வேலையைப் பார்த்துவிட்டு ஆளைத் தாங்களே தேர்ந்தெடுப்பதாகச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் கட்டத்துக்குப் பணம் தருவதா வேண்டாமா என்பது ஆய்வுக்கு வந்து பார்த்த பிறகு. உமா மகேஸ்வரி அன்று ஃபெரியில் வீடு திரும்பும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது. அதில் சந்தேகமே இல்லை.

பாம்பூஃப்ளாட்டுக்கு அப்பால் ஒரு சின்ன வளைகுடாவில், கயிற்றில் பாசி கட்டி வளர்க்க மூங்கில் மிதவைகள் இறங்கின. எம்.எஸ்ஸி. மாணவர்களில் இரண்டு பேர் அந்த வேலைக்கு வந்தார்கள். ஒருவன் கராச்சர்மா ஊர்க்காரன் அருண்பிரசாத். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான், தங்கமான பையன். இன்னொருத்தி விஜயகுமாரி. கச்சால் தீவிலிருந்து வந்தவள். அவளுடைய தாத்தாவும் பாட்டியும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் மரத்தடியில் குடியேறியவர்கள். கல்லூரியில் எல்லாரும் உமா மகேஸ்வரியை மேடம் என்று கூப்பிட, இவள் மட்டும் கச்சால் பள்ளிக்கூடப் பழக்கத்தில் டீச்சர் என்பாள். முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை, உமா மகேஸ்வரிக்கும் அது பிடித்துப்போனது.

பாசி வெளுப்பது நோய் என்றுதான் கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. விஜயகுமாரி ஒரு மழைக் காலம் முழுக்க மிதவையிலேயே குடியிருந்த மாதிரி இருந்து பார்த்தாள். ஓடையிலிருந்து வரும் மழைத் தண்ணீர் கடல் தண்ணீரோடு உடனே கலப்பதில்லை, மேலாக ஓர் அடுக்காக நிற்கிறது, உப்புக் குறைந்த அந்த அடுக்கில் கிடக்கும் பாசிதான் வெளுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கயிறுகளை ஒரு கை ஆழத்துக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். பக்கத்து மிதவையில் அருண்பிரசாத் கம்பெனிக் கையேட்டில் சொன்னபடி மேலேயே கட்டியது வெளுத்துப்போக, இவளுடையது கரும்பச்சையாகத் தழைத்தது. அறிக்கை தூத்துக்குடிக்குப் போனது.

இங்கே தீவுக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மெயின்லாண்ட் கப்பலுக்கு டிக்கெட் திறந்துவிட்டார்கள் என்று காற்றுவாக்கில் சேதி வந்தால் போதும், போகிறோமா இல்லையா என்று யாரும் யோசிப்பதில்லை. முதலில் டிக்கெட், பயணத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் வடக்கே திக்லிபூரில் மாட்டிக்கொண்டிருந்தால் அவர் பேருக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்றால் அவர் வந்து கேன்சல் செய்துகொள்வார். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்காக இந்தப் பக்கம் இருப்பவர் பதில் சொல்வது இங்கே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உபகாரம். ஆனால் அந்த உபகாரத்துக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆமாம், வருகிறார், ஒரு இடம் போட்டு வையுங்கள். உமா மகேஸ்வரியும் எத்தனையோ பேருக்காக அப்படிச் சொன்னவள்தான். ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜம்புலிங்கம் போன் செய்தார்.

"ஆளை முடிவு பண்ணியாச்சு மேடம். உங்க விஜயகுமாரிதான். திங்கக்கிழமைக்குள்ள பிள்ளைகிட்ட சம்மதம் வாங்கிச் சொல்லுங்க. மேனேஜ்மென்ட்ல பேரைக் கொடுத்தாகணும்."

விஜயகுமாரி லீவுக்குக் கச்சால் போயிருந்தாள். கடல் சரியில்லை, திரும்பி வர வேண்டிய கப்பல் கிளம்பவில்லை. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அங்கே டவர் போவதும் வருவதும் அதன் இஷ்டம். உமா மகேஸ்வரி சனிக்கிழமை இரண்டு தடவை முயன்று பார்த்தாள். கச்சால் பஞ்சாயத்து ஆபீசில் தெரிந்தவர் இருந்தார், துறைமுகத்தில் வயர்லெஸ் இருந்தது, கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் இல்லை. அவள் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும் ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விஜயகுமாரி தூத்துக்குடி போய்விட்டால் மிதவையை யார் பார்ப்பது? அருண்பிரசாத்தை நம்பி ஜம்புலிங்கத்தைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியுமா? இரண்டாம் கட்டம் நின்றுபோனால் இதுவும் அலமாரிக்குள் போய்ப் படுக்கும், அவளும் முன்னால் இருந்தவர்களில் ஒருத்தி ஆகிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் மனதுக்குள் உருட்டினாள். திங்கட்கிழமை காலையில் அவளுக்கு வேறு நியாயங்கள் கிடைத்துவிட்டன. ஒரே பெண், அம்மாவுக்கு மூட்டு வலி, அப்பா இல்லை. அவ்வளவு தூரம் எங்கே போகப்போகிறது?

"அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வராது சார்" என்றாள் போனில். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"கேட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"கேட்டேன் சார்."

மூட்டு வலி உண்மை, ஒரே பெண் என்பது உண்மை. இந்த ஒரு வார்த்தைதான் பொய். அப்படியானால் வேறு யார் என்று ஜம்புலிங்கம் கேட்டார். அவள் அருண்பிரசாத்தின் பேரைச் சொன்னாள். போனை வைத்த பிறகு டேபிளில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கப்பல் வந்து விஜயகுமாரி திரும்பியபோது கல்லூரியில் அருண்பிரசாத்துக்கு லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டு, அவன் கையைக் குலுக்கினாள். கூட்டம் கலைந்ததும் அறைக்கு வந்தாள்.

"என் பேரும் வந்துச்சா டீச்சர்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அருண்பிரசாத்தின் அப்பா அம்மா வெளியே வராந்தாவில் நின்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும்தான் பாத்தாங்க விஜி. கடைசியில அவனை எடுத்துக்கிட்டாங்க."

"என் வேலையில என்ன குறைன்னு சொன்னாங்களா?"

"குறைன்னு ஒண்ணும் சொல்லலை."

"இருக்கும் டீச்சர். இல்லாமலா விட்டிருப்பாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள் விஜயகுமாரி. அம்மா கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு பை நிறையத் தேங்காயை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். உமா மகேஸ்வரியால் அந்தத் தேங்காயில் ஒன்றைக்கூட உடைக்க முடியவில்லை. பியூனிடம் கொடுத்து எடுத்துப்போகச் சொன்னாள்.

அதே வாரத்தில், நாத்தனார் குடும்பத்துக்கு டிக்கெட் போட பீனிக்ஸ் பே கவுன்டருக்குப் போனவள், கேன்சல் வரிசையில் விஜயகுமாரியைப் பார்த்தாள்.

"நீ என்ன இங்க?"

"மெயின்லாண்ட் டிக்கெட் ஒண்ணு போட்டு வச்சிருந்தேன் டீச்சர். கேன்சல் பண்ண வந்தேன்." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கச்சால் போறதுக்கு முன்னாடியே போட்டது. கம்பெனியில பேர் வந்தா உடனே கெளம்பணுமே, அப்ப டிக்கெட் கிடைக்காட்டி என்ன செய்யிறதுன்னு. வராட்டி கேன்சல் பண்ணிக்கலாம்னு சொல்லி அம்மாதான் போட வச்சுச்சு. நான் கெளம்பினா அது சித்தி வீட்டுல போய் இருந்துக்கும்னு ஏற்கெனவே கதைச்சு வச்சிருந்துச்சு."

உமா மகேஸ்வரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தன் வரிசையை விட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றாள். அம்மா பாவம், வீடு பாவம் என்று அவள் அடுக்கிவைத்த நியாயங்கள் எல்லாம் அந்தக் கவுன்டரிலேயே சரிந்துவிட்டன. மிச்சமிருந்தது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இடத்தைத் தன் திட்டத்துக்காகத் தான் பறித்துக்கொண்டது. இதற்கு வேறு பேர் கிடையாது.

வீட்டில் கணவர் கோவிந்தராஜிடம் சொன்னாள். அவர் மின்சார இலாகாவில் இருப்பவர், எதையும் பதற்றமில்லாமல் கேட்பார். "அரே, இப்ப சொன்னா என்ன ஆகும்? அந்தப் பையன் போயிட்டான். அவனைத் திருப்பிக் கூப்பிடுவியா? ஆய்வு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அவளுக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான். ஆய்வு முடியட்டும். அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் நாட்களை ஓட்டினாள்.

விஜயகுமாரியோ தன் குறையைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடுகிறவளுக்குக் கிடைக்காமல் போகுமா? அருண்பிரசாத் கையேட்டின்படி கட்டினான், அவனை எடுத்தார்கள். தான் கையேட்டை மீறிக் கயிற்றை இறக்கினோம், தன்னை விட்டார்கள். ஒரு நாள் மிதவைக்குப் போய் எல்லாக் கயிறுகளையும் மேலே ஏற்றிக் கட்டிவிட்டாள். உமா மகேஸ்வரி டோங்கி என்கிற சின்னப் படகில் போய்ப் பார்த்தபோது, மூங்கிலில் குந்தி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் விஜி மாத்திட்ட?"

"ஒரு சீசனைப் பாத்துட்டு நானா ஒண்ணை முடிவு கட்டிட்டேன் டீச்சர். அவங்க எவ்வளவு வருஷமா இதே வேலையா இருக்காங்க. அருணுக்கு போன் பண்ணிக் கேட்டேன், அங்கயும் மேலதான் கட்டுறாங்களாம்."

அவள் முன்னால் செய்ததுதான் சரி என்று சொல்ல உமா மகேஸ்வரிக்கு வாய் வரை வந்தது. சொன்னால், அப்புறம் ஏன் என்னை எடுக்கவில்லை என்று கேட்பாள். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றுவிட்டுக் கரைக்குத் திரும்பினாள். படகு நகர நகர, கெட்டிக்காரப் பெண்ணொருத்தியைத் தன் கையாலேயே முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

மழை பிடித்தது. மிதவைகள் வரிசையாக வெளுத்தன. விஜயகுமாரி வெளுத்த பாசியைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் போட்டாள், புதிதாக விதைப்பாசி கட்டினாள், அதுவும் வெளுத்தது. ஆய்வு அறிக்கையில் மழைத் தண்ணீர் அடுக்கைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜம்புலிங்கம் வந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, கடலுக்குப் போகலாம் என்றார். டோங்கியில் மூன்று பேரும் போனார்கள். மிதவையைப் பிடித்து ஒரு கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். கொழகொழவென்று வெள்ளையாக வந்தது.

"கயித்தை ஏம்மா மேல ஏத்துனீங்க?"

"கம்பெனி புத்தகத்துல அப்படித்தான் இருக்கு சார். நான் முன்ன செஞ்சது தப்புன்னு..."

"தப்புன்னு யாரு சொன்னா? அந்த அறிக்கையைப் பாத்துட்டுத்தானே உங்களைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டோம். நீங்கதான் அம்மாவை விட்டு வர முடியாதுன்னுட்டீங்க."

டோங்கி ஓட்டியவர் என்ஜினை அணைத்திருந்தார். விஜயகுமாரி ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகத் திரும்பி உமா மகேஸ்வரியைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கணக்கு ஒன்றைப் போட்டு முடிக்கிற பார்வை.

"ஆமாங்க சார்" என்றாள் விஜயகுமாரி. "அம்மாவுக்கு அப்ப ஏலாம இருந்துச்சு. வர முடியலை. கயித்தை நாளைக்கே இறக்கிடுறேன். ஏன் இறக்கணும்னும் எழுதித் தாறேன்."

ஜம்புலிங்கம் தலையாட்டினார். அந்த நிமிஷத்தில் இரண்டாம் கட்டம் பிழைத்துவிட்டது என்று உமா மகேஸ்வரிக்குப் புரிந்தது. இத்தனை நாள் இதற்காகத்தானே எல்லாம். ஆனால் சந்தோஷம் மருந்துக்கும் இல்லை. யாரிடமிருந்து பறித்தாளோ, அவள் கையாலேயே வாங்கித் தின்கிற மாதிரி இருந்தது.

கரையில் ஜம்புலிங்கம் கால் கழுவப் போனபோது அவள் விஜயகுமாரியின் பக்கத்தில் போய் நின்றாள். "விஜி, எனக்காக நீ பொய் சொல்ல வேண்டியதில்ல."

"உங்களுக்காகச் சொல்லலை" என்றாள் விஜயகுமாரி. குரலை உயர்த்தவில்லை. "படகுல வச்சு உங்க பேர் கெட்டா அவர் அப்படியே திரும்பிப் போயிருவாரு. எனக்குப் பின்னாடி வாற பிள்ளைங்களுக்கும் போகப் பாதையில்லாமப் போயிரும். அதுக்குச் சொன்னேன், மேடம்."

டீச்சர் என்று சொல்லவில்லை. உமா மகேஸ்வரி அதைக் கவனித்தாள். விஜயகுமாரி கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிற காரில் உமா மகேஸ்வரி தானும் ஏறிக்கொண்டாள். வழியனுப்ப வருகிறாள் என்று ஜம்புலிங்கம் நினைத்தார். ஜங்ளிகாட் தாண்டியதும் சொல்லிவிட்டாள். எதையும் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண்ணை நான் கேட்கவே இல்லை, ஆய்வுக்கு அவள் வேண்டும் என்பதற்காக நானே பதில் சொல்லிவிட்டேன், நேற்று படகில் அவள் சொன்னதும் பொய்தான் என்றாள்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"கேட்டேன்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன். கேக்கலை."

"லேப்ல ஒரு நம்பர் வந்தா நான் ரெண்டு தடவை திருப்பி எடுக்கச் சொல்லுவேன். உங்க வார்த்தையை ஒரு தடவை போதும்னு நெனச்சேன்." அவர் சிரிக்கவில்லை. "அருண்பிரசாத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. அவன் மேல தப்பில்ல, வேலையும் கத்துக்கிட்டான். அடுத்த இடம் அடுத்த வருஷம்தான் வரும். அதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட நானே பேசுதேன். இனிமே எந்தப் பிள்ளை வருது, வரலைங்கிறதுக்கு நடுவுல நீங்க வேண்டாம்."

அவள் சரி என்றாள். இதைவிடக் கடுமையாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தில் மாணவரின் சம்மதத்தை மாணவரிடமே நேரில் கேட்க வேண்டும், கல்லூரியில் யாரும் அவர் சார்பில் பதில் சொல்லக்கூடாது என்று ஒரு ஷரத்தை உமா மகேஸ்வரியே எழுதிச் சேர்த்தாள். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒன்று எங்கேயும் பார்த்ததில்லையே, இது அவசியமா என்று கேட்டார். அவசியம் சார் என்றாள். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். அவர் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, பேனருக்கு முன்னால் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

விஜயகுமாரி அந்த ஒரு வருஷமும் மிதவைக்கு வந்தாள். கயிறுகள் கீழே இறங்கின, பாசி மறுபடி தழைத்தது. ஜூனியர் பெண்கள் இரண்டு பேருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். உமா மகேஸ்வரி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், சொன்ன வேலையைச் செய்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உமா மகேஸ்வரி ஒரு நாள் ஃபெரித் துறையில் அவளைத் தனியாக நிறுத்தி, நான் செய்தது பெரிய தப்பு, மன்னிச்சிடு என்றாள். "பரவாயில்லைங்க மேடம்" என்றாள் அவள். மன்னித்தாளா என்பது அந்தப் பதிலில் இல்லை.

அவள் இழந்தது ஒரு வருஷம். பறித்த எதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உமா மகேஸ்வரிக்கு ஒரு நினைப்பு இருந்தது. வருஷத்தை எப்படிக் கொடுப்பது?

அடுத்த வருஷம் ஜம்புலிங்கம் சொன்னபடி விஜயகுமாரிக்கே நேராகப் போன் செய்தார். அவள் அந்த நொடியே வருகிறேன் என்று சொன்னாள் என்பது உமா மகேஸ்வரிக்கு ஜூனியர் பெண்கள் மூலமாகத்தான் தெரியவந்தது. அன்று மத்தியானமே, மெயின்லாண்ட் கப்பலுக்குக் கவுன்டர் திறந்துவிட்டதாக ஃபெரியில் யாரோ சொன்னார்கள். உமா மகேஸ்வரிக்குப் படபடவென்று ஒரு சந்தோஷம் வந்தது. இதையாவது செய்யலாம் அல்லவா? பர்ஸை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினாள். விஜயகுமாரி தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விஜி, டிக்கெட் திறந்துட்டாங்களாம். உனக்கு ஒண்ணு போட்டுட்டு வந்துடவா?"

விஜயகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

"நானே போட்டுட்டேன், மேடம்" என்றாள்.